1981 அமெரிக்க ப்ரூஃப் செட்டில் இருப்பது டைப் 1 எஸ்ஸா, டைப் 2 எஸ்ஸா? எப்படிக் கண்டுபிடிப்பது?

மாமா வாங்கி வைத்திருந்த 1981 ப்ரூஃப் செட் (சேகரிப்பவர்களுக்கென்றே கண்ணாடி போலப் பளபளக்க அடித்த காசுகளின் தொகுப்பு) கைக்கு வந்திருக்கிறது, அதன் காசுகளில் இருக்கும் எஸ் எழுத்து டைப் 2 ஆக இருந்தால் நல்ல விலை போகும் என்கிறார்களே, எதை வைத்துச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் லூப்பைக் கையில் எடுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் சாதாரண லூப் போதும். ஆனால் ஒரு காசை மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள், செட்டில் இருக்கும் ஆறையும் பார்க்க வேண்டும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

எஸ் என்பது சான் பிரான்சிஸ்கோ நாணயச் சாலையின் குறி. 1964 வரை ப்ரூஃப் காசுகள் பிலடெல்பியாவில் அடிக்கப்பட்டன, பொதுவாகக் குறி எதுவும் கிடையாது. 1968-இல் ப்ரூஃப் வேலை சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனதும் எஸ் வந்தது. அந்தக் காலத்தில் இந்த எழுத்து, காசை அடிக்கும் எஃகு அச்சிலேயே சேர்ந்து வராது. ஒவ்வொரு அச்சிலும் ஒரு ஆள் 'பஞ்ச்' (punch) என்ற, முனையில் எஸ் எழுத்து உள்ள சின்ன எஃகுக் கோலை வைத்துச் சுத்தியலால் தட்டிப் பதிப்பார். ஆயிரக்கணக்கான அச்சுகளில் தட்டினால் பஞ்சின் முனை மழுங்கத்தானே செய்யும்? மழுங்கிய பஞ்சு மழுங்கிய எழுத்தைத்தான் பதிக்கும். டைப் 1, டைப் 2 என்ற கதை முழுக்க இதிலிருந்துதான் வருகிறது.

1979-இல் வருடத்தின் பெரும்பகுதி அடித்த காசுகளில் எஸ் ஒரு திட்டு மாதிரி இருக்கும். எழுத்தின் இரண்டு பக்கமும் உள்ள இடைவெளி அடைத்துப் போயிருக்கும், சிலதில் எஸ் என்று படிக்கவே முடியாது. அது டைப் 1. வருடக் கடைசியில் புதுப் பஞ்சு கொண்டு வந்தார்கள், எழுத்து பளிச்சென்று வந்தது, அது டைப் 2. இந்த வருடத்தில் வித்தியாசம் அவ்வளவு பெரியது, குழந்தைகூடப் பிரித்துக் கொடுத்துவிடும்.

சிக்கல் உங்கள் 1981-இல்தான். 1979-இன் அந்த நல்ல பஞ்சு 1980 முழுக்க வேலை செய்து, 1981-க்கு வரும்போது அதுவும் தேய ஆரம்பித்திருந்தது. அந்தத் தேய்ந்த எழுத்துதான் 1981-இன் டைப் 1. அதாவது 1979-இல் டைப் 2 என்று கொண்டாடிய அதே பஞ்சுதான் இரண்டு வருடம் கழித்து டைப் 1 ஆகிவிட்டது. இதைத் தெரியாமல் 1979-க்கான விளக்கத்தைப் படித்துவிட்டு "என் எஸ் தெளிவாகத் தெரிகிறது, அப்போது டைப் 2" என்று 1981 செட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறார்கள். 1981-இல் இரண்டு டைப்புமே ஓரளவு தெளிவாகத்தான் இருக்கும். பார்க்க வேண்டியது மேல் வளைவை: டைப் 1-இல் அது உருண்டு இருக்கும், டைப் 2-இல் தட்டையாகப் படிந்து, எழுத்தின் இரண்டு முனைகளும் குமிழ் போலப் பருத்து, உள்ளே இடைவெளி நன்றாகத் திறந்திருக்கும்.

எஸ் எங்கே இருக்கும் என்றால், எல்லாக் காசிலும் தலைப் பக்கம்தான். 1 சென்ட்டிலும் 10 சென்ட்டிலும் வருடத்தோடு ஒட்டி, 5 சென்ட்டில் ஜெஃபர்சன் தலைக்குப் பின்னால் வருடத்துக்குப் பக்கத்தில், கால் டாலரில் வாஷிங்டனின் பின்னலுக்குப் பின்னால், அரை டாலரில் கென்னடியின் கழுத்துக்குக் கீழே, சூசன் பி. ஆந்தனி டாலரில் இடது பக்கம் தோளுக்கு மேலே.

சரி, ஏன் ஆறையும் பார்க்கச் சொன்னேன்? ஆறு காசுக்கும் அச்சுகள் தனித்தனி. புது எழுத்து வைத்த அச்சு எல்லாக் காசுக்கும் ஒரே நாளில் மெஷினுக்குப் போகவில்லை, செட்டை அடைக்கும்போதும் யாரும் எஸ்ஸைப் பார்த்துப் பொறுக்கவில்லை. அதனால் ஒரே செட்டில் இரண்டும் கலந்திருப்பது சகஜம். ஆறும் டைப் 2 ஆக இருக்கும் 1981 செட்தான் அபூர்வம், அதற்குத்தான் பெரிய விலை. அந்த வருடம் 40 லட்சத்துக்கும் மேல் செட்கள் 11 டாலருக்கு விற்றார்கள், சாதாரண டைப் 1 செட்டுக்கு இன்றைக்கும் பெரிய மதிப்பு கிடையாது.

நான் இதில் அடிபட்டிருக்கிறேன். "முழு டைப் 2" என்று எழுதியிருந்த ஒரு 1981 செட்டை, சூசன் டாலரின் படத்தை மட்டும் பார்த்து நம்பி வாங்கினேன். வந்ததும் லூப் வைத்துப் பார்த்தால் டாலரும் 5 சென்ட்டும்தான் டைப் 2, மற்ற நாலும் டைப் 1. விற்றவரிடம் கேட்டதற்கு, டாலர் டைப் 2 என்றால் செட்டும் டைப் 2தான் என்றார். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை, அவருக்கே தெரியவில்லை. அப்புறம் ஆறு காசுக்கும் நெருக்கமான படம் இல்லாமல் நான் வாங்குவதே இல்லை. இன்னொன்று, அந்தக் கால பிளாஸ்டிக் பெட்டியை நெம்பித் திறந்து காசை மாற்றி வைக்க முடியும், ஆகவே பெட்டியோடு இருக்கிறது என்பது எதற்கும் சாட்சி ஆகாது. ஆறையும் தேடிச் சேர்த்து செட் ஆக்குவதில் தப்பு ஒன்றும் இல்லை, சொல்லி விற்றால் சரி.

எஸ் அடிக்கவே மறந்துபோன அச்சுகளும் உண்டு: 1968, 1970, 1975, 1983-இன் 10 சென்ட்கள், 1971-இன் 5 சென்ட். இதில் 1975-இன் எஸ் இல்லாத 10 சென்ட் இரண்டே இரண்டுதான் இதுவரை தெரிந்தவை, ஒன்று 2019-இல் 4,56,000 டாலருக்கு ஏலம் போனது. அதற்காகச் சில்லறையில் கிடைக்கும் எஸ் இல்லாத 1975 காசைப் பார்த்துத் துள்ளாதீர்கள், பிலடெல்பியாவில் புழக்கத்துக்கு அடித்த 10 சென்ட்டில் அந்த வருடம் குறியே கிடையாது. கண்ணாடி போன்ற ப்ரூஃப் பரப்பு இருந்தால்தான் பேச்சு. 1985-இலிருந்து ப்ரூஃப் காசுகளுக்கு எஸ்ஸை, மற்ற அச்சுகளை உருவாக்கும் மூல அச்சிலேயே சேர்த்துவிட்டார்கள், கையால் தட்டுவது நின்றது. 1990-இல் எஸ் இல்லாத ப்ரூஃப் சென்ட் ஒன்று வந்தது, அது மறதி இல்லை, புழக்கக் காசுக்கான அச்சு ப்ரூஃப் வரிசையில் நுழைந்துவிட்டது.

உங்கள் செட்டைப் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டாம். மேலே நேராக விளக்கு அடித்தால் பிளாஸ்டிக் மின்னும், எதுவும் தெரியாது. பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி வைத்து ஒவ்வொரு எஸ்ஸையும் தனித்தனியாகப் படம் எடுத்துக் கீழே போடுங்கள். முதலில் டாலர், அடுத்து அரை டாலர். பார்த்துச் சொல்கிறேன்.