வசம்பு: நாக்குக்கா, உளுந்து டின்னுக்கா?

கேள்வி: பிறந்து நாற்பது நாளான குழந்தைக்கு வசம்பை உரைத்து நாக்கில் தடவச் சொல்கிறார் மாமியார். டாக்டர் கூடவே கூடாது என்கிறார். யார் பேச்சைக் கேட்பது ஐயா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி, மன்னார்குடி

டாக்டர் பேச்சைக் கேளுங்கள் அம்மா. வசம்பு விற்றுப் பிழைக்கிற நாட்டு மருந்துக் கடைக்காரனே இப்படிச் சொல்கிறான் என்று மாமியாரிடம் படித்துக் காட்டுங்கள்.

அவர் மேல் கோபம் வேண்டாம். பிள்ளை வளர்ப்பான் என்று நம்மவர்கள் கொண்டாடிய கிழங்கு அது. விளக்கெண்ணெய் விளக்கில் காட்டிக் கருக்கி, உரைகல்லில் இரண்டு இழுப்பு இழுத்துத்தான் கொடுத்தார்கள். அந்தக் கருக்கலில் விஷயம் இருக்கிறது. கரியாகச் சுடுவதுதான் சித்த மருத்துவம் வசம்புக்குச் சொல்லும் சுத்தி, அதாவது மருந்துச் சரக்கின் நச்சை நீக்கும் முறை. இப்போது பலர் பச்சையாகவே உரைக்கிறார்கள். கேட்டால், விளக்கேற்ற நேரமில்லையாம்!

வசம்பின் மண எண்ணெயில் பீட்டா அசரோன் என்ற பொருள் உண்டு. ஐரோப்பிய வசம்பில் அது குறைவு. நம் நாட்டு வசம்பில் மிக அதிகம். ஜம்மு வசம்பெண்ணெய் கொடுத்த எலிகளுக்குக் குடலில் கட்டிகள் வந்தன. 1968இல் அமெரிக்கா உணவுப் பொருள்களில் வசம்பு சேர்க்கத் தடை போட்டது. எலி வேறு, குழந்தை வேறு என்று வாதாடலாம்தான். நாற்பது நாள் சிசுவை வைத்துக்கொண்டு வாதாட எனக்கு மனம் வராது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும்.

"சரி, வசம்பு வளையமாவது கையில் கட்டுகிறேன்" என்பார். குழந்தையின் கை எங்கே போகும்? வாய்க்குத்தான். தொட்டில் கயிற்றில், எட்டாத உயரத்தில் கட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: உளுந்து டின்னில் வசம்பு போட்டும் வண்டு வருகிறதே?
– வாசகர், பாபநாசம்

பழைய வசம்பாக இருக்கும். ஒரு துண்டை முறித்துப் பாருங்கள். உள்ளே வெளிறி, லேசான சிவப்போடி, முறித்ததும் மணம் மூக்கில் ஏற வேண்டும். பழுப்பேறித் துளை துளையாக, மணமே இல்லாமல் இருந்தால் அது வெறும் குச்சி, தூக்கிப் போடுங்கள். உளுந்தையும் நன்றாக வெயிலில் காய வைத்த பிறகே டின்னில் கொட்டுங்கள். பயறுக்குள் ஏற்கெனவே புகுந்துவிட்ட புழுவை வசம்பு வெளியே இழுத்துவராது. நல்ல வசம்பு பூச்சியின் இனப்பெருக்கத்தையே கெடுக்கும். அதைச் செய்வதும் மேலே சொன்ன பீட்டா அசரோன்தான். தஞ்சை சரசுவதி மகாலில் ஓலைச்சுவடிகளுக்குக் காவலாக வசம்பு, கருஞ்சீரகம், பட்டை, கிராம்பு, மிளகு ஆகியவற்றைப் பொடித்து, கற்பூரம் சேர்த்துத் துணியில் முடிந்து வைக்கிற வழக்கம் உண்டு. நீங்களும் துணியில் முடிந்தே போடுங்கள். உளுந்தை ஊற வைக்குமுன் இரண்டு முறை கழுவுங்கள்.

கேள்வி: மாடித் தோட்டத்தில் வசம்பு வளருமா?
– வாசகி, திருச்சி

தாராளமாக. சதுப்பு நிலச் செடி அது. ஓட்டையில்லாத தொட்டியில் களிமண் போட்டு, எப்போதும் தண்ணீர் நிற்கும்படி வையுங்கள். என் கடைச் சரக்கை நட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். காய்ந்த கிழங்கு முளைக்காது. முளையுள்ள பச்சைக் கிழங்காக வாங்குங்கள். கொசு பெருகாமல் இருக்க இரண்டு கப்பி மீன்களையும் விட்டுவிடுங்கள்.