அடைமழையும் வாசலில் நிற்கும் வண்டியும்: கேள்வி பதில்

ஐப்பசி பிறந்துவிட்டது. ஷெட் இல்லாமல் வண்டியை வெளியே நிறுத்திவைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, பட்டறை வைத்திருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பாளையங்கோட்டை: அண்ணாச்சி, நான் துபாயில் இருக்கேன். கார் வீட்டு வாசலில் நிற்கிறது, தைக்குத்தான் வருவேன். அப்பா தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டிவிட்டார். போதுமா?

தம்பி, முதலில் அப்பாவுக்கு போன் போட்டு அதை அவிழ்க்கச் சொல்லுங்கள். மழை காரை ஒன்றும் செய்யாது, நனையத்தான் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். கெடுப்பது அடைபட்ட ஈரம். தரையிலிருந்து ஏறுகிற ஈரம் வெளியே போக வழியில்லாமல் தார்ப்பாய்க்குள்ளேயே நிற்கும். நம்மூரில்தான் இரண்டு நாள் கொட்டிவிட்டு மூன்றாம் நாள் சுள்ளென்று வெயில் அடிக்குமே, அப்போது உள்ளே இட்லிக் கொப்பரை மாதிரி வேகும். பெயின்ட் கொப்புளிக்கும், சீட்டில் பூஞ்சை பிடிக்கும். காற்றில் படபடக்கிற தார்ப்பாய், இடையில் சிக்கிய மண்ணை வைத்தே பாடியைத் தேய்த்துவிடும். நாலு கால் நட்டு மேலே தகரமோ தென்னங்கிடுகோ போடுங்கள், நாலு பக்கமும் திறந்திருக்கட்டும். முடியாவிட்டால் காற்றுப் போகிற துணிக் கவர். அதுவும் இல்லையென்றால் சும்மா விடுங்கள்.

பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட வேண்டும். வண்டி ஓடாவிட்டாலும் அலாரமும் கம்ப்யூட்டரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும். 12.4க்குக் கீழே இறங்கினால் சார்ஜ் போடச் சொல்லுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு விடாதீர்கள், ஈரத்தில் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் நிறுத்தி, டயருக்கு முன்னும் பின்னும் கல் அண்டக் கொடுங்கள். டயரில் காற்று கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். பெட்ரோல் டேங்கை நிரப்பிவிடுங்கள். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள், அது ஈரத்தை இழுக்கும். டேங்கில் காலி இடம் குறைந்தால் ஈரக்காற்றும் குறையும்.

அம்பாசமுத்திரம்: வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி ஐந்து நிமிஷம் ஓட விட்டால் போதும்தானே?

செய்யாமல் இருப்பதே மேல். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வரும். இன்ஜினும் சைலன்சரும் நன்றாகச் சூடானால்தான் அது வெளியேறும். ஐந்து நிமிஷத்தில் அணைத்தால் சைலன்சருக்குள் தங்கி உள்ளிருந்தே துருவாக்கும். ஸ்டார்ட் பண்ண எடுத்த கரண்டும் பேட்டரிக்கு ஒழுங்காகத் திரும்பாது. எடுத்தால் அரை மணி நேரம் ரோட்டில் ஓட்டுங்கள், இல்லையென்றால் தொடாதீர்கள்.

கடையநல்லூர்: எலி வயரைக் கடித்துவிட்டது. இன்ஜினுக்குள் புகையிலை வைக்கலாமா?

வைத்தால் நாலு நாள் வாசம் இருக்கும், அப்புறம் எலி அதையே மெத்தையாக்கிக் குட்டி போடும்.

களக்காடு: தப்பு அண்ணாச்சி. எங்கள் வீட்டில் புகையிலை வைத்த பிறகு எலியே வரவில்லை.

உங்கள் வீட்டில் பூனை இருக்கிறதா?

களக்காடு: இரண்டு இருக்கு.

சரி.

தென்காசி: பூனையை விடுங்கள். பாச்சை உருண்டைதான் சரியான மருந்து.

அதன் புகை ஏசி வழியாக உள்ளே வரும். பிள்ளைகள் உட்காரும் வண்டியில் அது வேண்டாம். வாசத்தை வைத்து எலியை விரட்டுவது பற்றி ஆளுக்கொரு வைத்தியம் வருகிறது. பெருங்காயம் என்று இன்னும் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள், அவர்களுக்கும் இதே பதில்தான். எலி ஏன் இந்த மாதத்தில் வருகிறது என்று பாருங்கள். பிசான நடவுக்கு வயலில் தண்ணீர் கட்டுகிறார்கள், வரப்பு வளையெல்லாம் முழுகுகிறது. அது காய்ந்த இடம் தேடி ஊருக்குள் வரும்போது உங்கள் பானெட்டுக்கு அடியில் மழை படாத இடம் இருக்கிறது. வண்டிக்குப் பக்கத்தில் நெல் மூட்டை, மாட்டுத் தீவனம், விறகுக் கட்டு எதுவும் வைக்காதீர்கள். ஏசிக்குக் காற்று போகிற வாயில் சன்னமான கம்பி வலை அடியுங்கள். எலிப்பொறி வையுங்கள். விஷம் வைத்தால் எலி டேஷ்போர்டுக்குள் போய்ச் சாகும், அந்த நாற்றத்துக்கு மருந்தே கிடையாது.

களக்காடு: இருந்தாலும் புகையிலை...

பூனைக்கு நன்றி சொல்லுங்கள்.

நாங்குநேரி: டிராக்டருக்குத் தார்ப்பாய் போடலாமா?

மேலே சொன்னதுதான். டிராக்டருக்கு சைலன்சர் குழாய் மேல்நோக்கி இருந்தால் அதன் வாயை மட்டும் டப்பாவால் மூடுங்கள். எடுக்கும்போது டப்பாவை மறக்காமல் கழற்ற வேண்டும்.

சிந்துபூந்துறை: ஆற்றங்கரை வீடு. வெள்ளம் வந்து வண்டி முழுகினால் என்ன செய்ய?

முழுகுவதற்கு முன் செய்யவேண்டியது ஒன்று உண்டு: எச்சரிக்கை வந்ததுமே வண்டியை மேட்டில் கொண்டுபோய் விடுவது. கார்த்திகை முடிந்தால் மழை முடிந்தது என்று நினைக்காதீர்கள். 2023இல் டிசம்பர் 17, 18 தேதிகளில், மார்கழி பிறக்கிற நேரத்தில்தான் அவ்வளவும் கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி வீட்டுக்குள் வந்தது உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

முழுகிவிட்டால் சாவியைத் தொடாதீர்கள். தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் அது இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், செலவு பல மடங்காகும். தண்ணீர் நின்ற கோடு தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள், பேட்டரியைக் கழற்றுங்கள், கட்டி இழுத்து வரச் சொல்லுங்கள். சாதாரண பாலிசியில் இன்ஜினுக்குள் தண்ணீர் போன செலவு பெரும்பாலும் வராது, அதற்குத் தனியாகச் சேர்க்கவேண்டும். மற்றதை ஏஜென்ட்டிடம் கேளுங்கள், அது என் வேலை இல்லை.

உவரி: பைக் கடற்கரைப் பக்கம் நிற்கிறது.

உப்புக்காற்றுக்கு மழையே நல்லது, கழுவிவிடும். மழை விட்ட நாளில் நல்ல தண்ணீரில் அலசி, செயினுக்கு எண்ணெய் போடுங்கள். நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள்.

வள்ளியூர்: தென்னை மரத்தடியில் நிறுத்தலாமா?

தேங்காய் விழும்.

திசையன்விளை: கனடாவில் அத்தான் காரை பனியில் நிறுத்தியிருக்கிறார்...

அங்கே உள்ள மெக்கானிக்கைக் கேட்கச் சொல்லுங்கள்.

சேரன்மகாதேவி: தார்ப்பாயில் ஓட்டை போட்டுக் கட்டினால்?

வேண்டாம். இனி தார்ப்பாய்க் கேள்விக்குப் பதில் கிடையாது.

வீரவநல்லூர்: தையில் வண்டியை எடுக்கும்போது என்ன பார்க்க வேண்டும் அண்ணாச்சி?

நல்ல கேள்வி. சாவி போடுவதற்கு முன் பானெட்டைத் திறந்து வயரையும் ஏர் ஃபில்டர் டப்பாவையும் பாருங்கள், கூடு இருக்கும். கண்ணாடிக்குக் கீழே தேங்கின வேப்பிலைச் சருகை அள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும். பிரேக் பெடலை மிதித்துப் பாருங்கள். டிஸ்க்கில் செந்துரு இருந்தால் முதல் நாலைந்து பிரேக்கில் கரகரவென்று சத்தம் வரும், பிறகு போய்விடும். அதுவரை தெருவுக்குள்ளேயே மெதுவாக ஓட்டுங்கள், நாலுவழிச் சாலைக்குப் போகவேண்டாம்.