மண்டிப் பழத்தில் எடுத்த தக்காளி விதை

கேள்வி: ராயக்கோட்டை மண்டியில் வாங்கிய நல்ல தக்காளிப் பழங்களில் விதை எடுத்து, கழுவி, தகரத்தட்டில் வெயிலில் காயவைத்துப் பாத்தியில் தூவினேன். முளைத்த ஒரு வாரத்தில் தண்டின் அடி நூல்போல் சுருங்கி நாற்றுகள் சாய்கின்றன. உரக்கடையில் மூன்று மருந்துகளைக் கலந்து ஊற்றச் சொல்கிறார்கள். ஊற்றலாமா?
– ஒரு விவசாயி, பாலக்கோடு

பதில்: இது நாற்றழுகல். நெருக்கமாகத் தூவுவதும் மாலையில் நீர் பாய்ச்சுவதும் சேர்ந்தால் பூஞ்சைக்கு வேறெதுவும் வேண்டியதில்லை. சாய்ந்தவற்றை மண்ணோடு அகற்றி, மீதியை நெருக்கம் குறையக் கலைத்துவிட்டு, காலையில் மட்டும் பூவாளியால் அளவாக நீர் தெளியுங்கள். மருந்துதான் வேண்டுமென்றால் காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து வேர்ப்பகுதி நனைய ஊற்றினால் போதும். மற்ற இரண்டும் கடையில் தேங்கிய சரக்காக இருக்கலாம்.

நீங்கள் கேட்காமல் விட்டது விதையைப் பற்றி. மண்டிக்கு வருபவை பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகங்கள், அதாவது இரு வேறு ரகங்களைக் கலந்து உருவாக்கியவை. அவற்றின் விதையில் முளைக்கும் செடிகளில் ஒன்று உருண்டையாகவும் ஒன்று நீளமாகவும் காய்க்கும் என்பதால், அந்தக் கலவைப் பழத்துக்கு அதே மண்டியில் விலை கிடைக்காது. விதைக்குப் பார்க்க வேண்டியது பழத்தை அல்ல, செடியை. அழகான பழம் இலைச்சுருட்டு நோய் கண்ட செடியிலும் ஒன்றிரண்டு கிடைக்கும்.

விதை எடுத்து விதைத்தாலும் குணம் மாறாத பி.கே.எம். 1 போன்ற ரகத்தை நட்டு, நோயின்றிச் சீராகக் காய்க்கும் பத்துப் பதினைந்து செடிகளில் துணி கட்டி அடையாளம் வையுங்கள். அவற்றின் இரண்டாம், மூன்றாம் கொத்துப் பழங்களைச் செடியிலேயே நன்கு பழுக்கவிட்டுப் பறித்து, நீர் சேர்க்காமல் மண்சட்டியில் பிழிந்து, ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரை புளிக்கவிட வேண்டும். மேலே வெண்படலம் கட்டும். நாற்றத்தைக் கண்டு பயந்து சீக்கிரம் கழுவிவிடுகிறவர்களே அதிகம். விதையை விரலிடையில் தேய்த்தால் வழவழப்பு போய்ச் சொரசொரப்பாக இருக்க வேண்டும்; அதற்கு மேல் விட்டால் சட்டியிலேயே முளைவிடும். பிறகு நீரூற்றி, மிதப்பவற்றைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கியதைச் சாம்பலில் புரட்டித் துணியில் நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் காயும் தகரத்தட்டு விதையின் உயிரை வாங்கிவிடும்.

அடுத்த நாற்றங்காலை அரையடி உயர்த்திய மேட்டுப்பாத்தியாக அமைத்து வரிசையில் விதையுங்கள். இப்போது எஞ்சியிருக்கும் நாற்றுகளை வீட்டுத் தேவைக்கு இரண்டு வரிசை நட்டுக்கொள்ளுங்கள். அவற்றிலிருந்து மறுபடி விதை எடுக்க வேண்டாம்.