ஏதென்ஸ் வீடும் கோல்டன் விசாவும்: முன்பணம் கட்டும் முன்

2,50,000 யூரோவுக்கு ஏதென்ஸில் வீடு, அதை ஏர்பிஎன்பியில் விட்டால் மாத வருமானம், ஐந்து வருடத்தில் கிரேக்கப் பாஸ்போர்ட் என்று ஏஜென்ட் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். முன்பணம் இன்னும் கட்டவில்லை என்றால் நல்லது.

கோல்டன் விசா என்பது அங்கே சொத்து வாங்கினால் கிடைக்கும் வசிப்பு அனுமதி. அதன் விதி 2024-இல் மாறிவிட்டது. ஏதென்ஸ் இருக்கும் அட்டிகா பகுதியில் இப்போது குறைந்தபட்சம் 8 லட்சம் யூரோவுக்கு வாங்க வேண்டும். 2.5 லட்சத்துக்கு விசா கிடைப்பது முக்கியமாக, கடை, ஆபீஸ் போன்ற வணிகக் கட்டடத்தை வீடாக மாற்றினால்தான். அந்த மாற்றம் விண்ணப்பத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அதற்கான ஆவணத்தைக் கேளுங்கள். ஏஜென்ட் மழுப்பினால் விலகிவிடுங்கள். இப்படி வாங்கும் வீட்டை ஏர்பிஎன்பி மாதிரி குறுகிய கால வாடகைக்கு விடவும் கூடாது. மீறினால் 50,000 யூரோ அபராதம், அனுமதியும் போகும்.

ஐந்து வருடம் என்பது வசிப்பு அனுமதியின் காலம். குடியுரிமைக்குப் பொதுவாக ஏழு வருடம் அங்கேயே வாழ்ந்திருக்க வேண்டும், கிரேக்க மொழித் தேர்வும் உண்டு. கோயம்புத்தூரில் இருந்துகொண்டே அது நடக்காது. கிடைத்தாலும் இந்தியப் பாஸ்போர்ட்டை விட வேண்டியதுதான்.

அப்புறம் பணம் அனுப்புவது. ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர்தான் அனுப்பலாம். 2.5 லட்சம் யூரோவுக்கே அது போதாது. மனைவியையும் உரிமையாளராகச் சேர்த்து இருவர் கணக்கிலிருந்தும் அனுப்பலாம். 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு வங்கி 20% டிசிஎஸ் (முன்கூட்டியே வசூலிக்கும் வரி) பிடிக்கும். வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை அந்தப் பணம் முடங்கும்.

விற்பவருக்கோ ஏஜென்டுக்கோ தொடர்பில்லாத வக்கீலை அங்கே நீங்களே பிடியுங்கள்.