வூகாமர்ஸில் "மூன்று எடுத்தால் விலை குறைந்தது இலவசம்" என்ற சலுகையை நாமே எப்படிச் சேர்ப்பது?

வெள்ளவத்தையில் ஒரு துணிக்கடையின், வூகாமர்ஸில் (வேர்ட்பிரஸ் தளத்தைக் கடையாக்கும் மென்பொருளில்) ஓடும் இணையக் கடைக்கு இதே சலுகையைச் சித்திரைப் புத்தாண்டு விற்பனைக்காகச் செய்து கொடுத்தேன். நீங்கள் கேட்டது கோடு (நிரல்) எழுதும் முறையைப் பற்றித்தான், ஆனால் அதற்கு முன்னால் கடை முதலாளியிடம் ஒன்று கேட்டுவிடுங்கள்: மூன்றில் ஒன்றைத் திருப்பிக் கொண்டுவந்தால் எவ்வளவு காசு கொடுப்பீர்கள்? நான் இதைக் கேட்காமல் தொடங்கி, பாதி வேலையைத் திரும்பச் செய்தேன்.

கணக்கைப் பாருங்கள். 4,500, 3,000, 1,500 ரூபாய்க்கு மூன்று உடுப்புகள். 1,500 இலவசம், வாடிக்கையாளர் கட்டியது 7,500. அந்தக் கழிவு முழுவதையும் மூன்றாவது உடுப்பின் மேலேயே எழுதி வைத்தால், அவர் 4,500 உடுப்பைத் திருப்பித் தந்து 4,500ஐயும் முழுதாக வாங்கிக்கொண்டு போய்விடுவார், கையில் இரண்டு உடுப்பு இருக்கும், அதில் ஒன்று இலவசம். அதனால் அந்த 1,500ஐ விலைக்கு ஏற்ற மாதிரி மூன்றுக்கும் பிரித்து 750, 500, 250 என்று போடுங்கள். அப்போது 4,500 உடுப்புக்கு 3,750 திருப்பிக் கொடுத்தால் போதும். வூகாமர்ஸ் ஒவ்வொரு வரிக்கும் (பட்டியலில் ஒரு பொருளுக்கான வரி) கழிவுக்கு முந்திய தொகையையும் பிந்திய தொகையையும் தனித்தனியே ஆர்டரில் சேமிப்பதால், ஒழுங்காகப் பிரித்துவிட்டால் ரீஃபண்டுக்குத் தனியாக எதுவும் எழுதத் தேவையில்லை.

சரி, கோடுக்கு வருவோம். இந்தச் சலுகையை ஒரு புதிய கூப்பன் வகையாகச் சேர்க்கலாம். வூகாமர்ஸில் ஏற்கெனவே இருக்கும் கூப்பன் கழிவுகள் மூன்று வகை: சதவீதம், முழுக் கூடைக்கு ஒரு தொகை, ஒரு பொருளுக்கு ஒரு தொகை. 'வூகாமர்ஸ் கூப்பன் டிஸ்கவுண்ட் டைப்ஸ்' என்ற ஃபில்டரில் (வூகாமர்ஸின் கணக்கை நம் கோடு இடையில் மாற்றக்கூடிய இடம்) உங்கள் வகையின் பெயரைச் சேர்த்தால் அட்மினில் கூப்பன் போடும் பக்கத்தில் அது வந்துவிடும். பலர் இதோடு நிறுத்திவிட்டு, கூப்பன் ஏறுகிறது, கழிவு மட்டும் பூச்சியமாக நிற்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். உங்கள் வகையை 'வூகாமர்ஸ் புரொடக்ட் கூப்பன் டைப்ஸ்' ஃபில்டரிலும் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் அது எந்தப் பொருளுக்கும் செல்லாத கூப்பனாகவே இருக்கும்.

தொகையைப் போடும் இடம் 'வூகாமர்ஸ் கூப்பன் கஸ்டம் டிஸ்கவுண்ட்ஸ் அரே' என்ற ஃபில்டர். இங்கே கவனம், தொகைகள் சதக் கணக்கில்தான் போகும். தசம இடம் இரண்டு என்று வைத்திருக்கும் கடையில் 1,500 ரூபாய் என்பது 150000. நான் முதல் தடவை 1500 என்றே கொடுத்து, 15 ரூபாய் மட்டும் கழிந்து நின்றதைப் பார்த்து அரை நாள் தேடினேன்.

அப்புறம், ஒரே சேர்ட்டில் மூன்று எடுத்தால் கூடையில் அது ஒரே வரி, எண்ணிக்கை 3. ஆகவே வரிகளை அப்படியே வரிசைப்படுத்தாமல் ஒவ்வொன்றையும் தனித் தனி உடுப்பாக விரித்து, பிறகு விலைப்படி அடுக்குங்கள்.

கொழும்பில் இன்னொரு தலையிடி வங்கி அட்டைக் கழிவு. சித்திரையிலும் டிசம்பரிலும் அதுவும் கூடவே வரும். அதையும் கூப்பனாகப் போட்டிருந்தால், அட்டைக்கு 10 சதவீதம் என்பது மூன்றின் முழு விலையான 9,000க்கா, இல்லை கழித்த பிறகு வரும் 7,500க்கா? கூப்பன்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கணக்கிடும் செட்டிங்கைப் போட்டு, இந்தச் சலுகையை முதலில் ஏற்றினால் 750, போடாவிட்டால் 900. இரண்டும் சேரவே கூடாது என்றால் கூப்பனைத் தனியாக மட்டும் பயன்படுத்தும்படி குறித்துவிடலாம்.

ஆறு உடுப்பு எடுத்தால் கடைசி இரண்டும் இலவசமா, மூன்று மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் குறைந்ததா? முதலாளி சொல்வதை இங்கே கமெண்டில் போடுங்கள், அதற்கேற்ற மாதிரி அடுக்கும் பகுதியை எழுதித் தருகிறேன்.