காளி லினக்ஸ் வேண்டாம், மின்ட் போடுங்கள்

கேள்வி: 2015-இல் வாங்கிய லேப்டாப், 4 ஜிபி ரேம். விண்டோஸ் 11 ஏறாது என்கிறார்கள். கல்லூரியில் சேர்ந்திருக்கும் மகளுக்கு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுக்கலாமா? ‘காளி லினக்ஸ், ஃபுல் வெர்ஷன்’ போட கடைக்காரர் 2,500 ரூபாய் கேட்கிறார்.

பதில்: தாராளமாகப் போடலாம், ஆனால் அந்தக் கடையில் வேண்டாம். காளி லினக்ஸில் காசு கொடுத்து வாங்கும் ஃபுல் வெர்ஷன் என்று தனியாக எதுவும் இல்லை. கீயும் வேண்டாம், கிராக்கும் வேண்டாம். போட்டுத் தருவதற்குக் கூலி கேட்டால் நியாயம். மென்பொருளுக்கே விலை சொன்னால் அது ஏமாற்று. காளி, நெட்வொர்க் பாதுகாப்பைச் சோதிப்பவர்களுக்கானது. லினக்ஸ் பழகாதவர்களுக்கு அது ஏற்றதல்ல என்று அதைத் தயாரிப்பவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். ‘லைட் விண்டோஸ்’ என்று பென்டிரைவில் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அதற்குள் யார் எதைச் செருகியிருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது.

உங்களுக்கு ஏற்றது லினக்ஸ் மின்ட், அதிலும் பழைய கணினிக்குப் பாரமில்லாத எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். அதன் சொந்த இணையதளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். 8 ஜிபி பென்டிரைவை விண்டோஸில் ஓடும் ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள் கொண்டு தயார் செய்யுங்கள். அதில் முன்பு இருந்தவை எல்லாம் அழிந்துவிடும். லேப்டாப்பை ஆன் செய்ததும் டெல், லெனோவோ என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9 தட்டி, பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள்.

உடனே இன்ஸ்டால் செய்ய வேண்டாம். பென்டிரைவிலிருந்தே ஓட்டி வைஃபை, ஒலி, கேமரா, மூடித் திறந்தால் விழிப்பது எல்லாவற்றையும் பாருங்கள். லேப்டாப்பில் பிராட்காம் நிறுவனத்தின் வைஃபை சிப் இருந்தால் வைஃபை தெரியாமல் போகலாம். போனின் இணையத்தை கேபிள் வழியே தரும் யுஎஸ்பி டெதரிங்கில் இணைத்து, மின்ட்டில் உள்ள டிரைவர் மேனேஜரைத் திறந்து அது காட்டும் டிரைவரை (கருவியை இயக்கும் மென்பொருளை) போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இன்ஸ்டால் செய்யும்போது ‘எரேஸ் டிஸ்க்’ என்ற வரியில்தான் பலர் குடும்பப் படங்களை இழக்கிறார்கள். அது விண்டோஸை மட்டுமல்ல, டி டிரைவையும் சேர்த்தே துடைக்கும். முதலில் எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, அந்தப் படங்கள் திறக்கின்றனவா என்றும் பாருங்கள். கடைக்காரர் கேட்ட பணத்தை ஒரு சாட்டா எஸ்எஸ்டிக்கு, அதாவது சுழலும் பாகமில்லாத வேகமான டிஸ்க்குக்கு, ஒதுக்குங்கள். பழைய சுழலும் டிஸ்க்கில் எந்த லினக்ஸும் இழுக்கத்தான் செய்யும்.

பிரின்டர் விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். எச்பி பெரும்பாலும் தானாகவே வேலை செய்யும். நம் ஊர் அலுவலகங்களில் நிறைந்து கிடக்கும் கேனன் எல்பிபி 2900 அப்படியல்ல. பக்கத்தை உருவாக்கும் வேலையை அது கணினியின் தலையில் போடுகிறது, அதுவும் கேனனின் ‘கேப்ட்’ என்ற சொந்த மொழியில். லினக்ஸுக்கு கேனன் தந்த டிரைவர் பழையது. புதிய பதிப்புகளில் மக்கர் செய்யும். தன்னார்வலர்கள் எழுதிய டிரைவர் உண்டு, ஆனால் அதை நீங்களே கம்பைல் செய்ய வேண்டும், அதாவது மூல நிரலிலிருந்து ஓடும் மென்பொருளாக மாற்ற வேண்டும். பிரின்டரை நெட்வொர்க்கில் இணைக்கும் பிரின்ட் சர்வர் பெட்டி வாங்கினால் தீரும் என்று ஒருவர் விற்க வருவார். தீராது, அப்போதும் அதே டிரைவர்தான் வேண்டும். வீட்டில் இருப்பது இந்த மாடல் என்றால் பிடிஎஃப் ஆக்கி ஜெராக்ஸ் கடையில் அச்சிடுங்கள்.

இன்னொரு எரிச்சல், வருமானவரித் துறையின் எக்செல் மேக்ரோ கோப்புகள். மின்ட்டில் எக்செலுக்குப் பதிலாக இருக்கும் லிப்ரேஆஃபிஸில் அவற்றை நம்பி உட்காராதீர்கள். அரசு நிறுவனமான சி-டாக் ‘பாஸ்’ என்றொரு லினக்ஸையே உருவாக்கியிருக்கிறது. அப்படியிருந்தும் வரி கட்டுபவர் மைக்ரோசாஃப்ட் எக்செல் வைத்திருப்பார் என்றே இன்னொரு துறை எடுத்துக்கொள்கிறது. இதை என்னவென்று சொல்வது? உங்கள் கணக்கை இணையதளத்திலேயே நேரடியாகத் தாக்கல் செய்யுங்கள். அதற்கு மின்ட்டோடு வரும் ஃபயர்ஃபாக்ஸ் போதும்.