காலை நடை போயும் இரவுச் சர்க்கரை இறங்கவில்லை

காலையில் 45 நிமிடம் நடந்தும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை 220 mg/dL காட்டுகிறது என்று கேட்டிருந்தீர்கள். நடையில் குறையில்லை, நேரம்தான் இடிக்கிறது. சாப்பிட்டு ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் சர்க்கரை உச்சம் தொடும்; அப்போது டிவி முன் உட்கார்ந்திருக்கிறீர்கள். காலையில் 30 நிமிடம் போதும், மீதி 15-ஐ இரவுக்கு மாற்றுங்கள். கை கழுவிய கால் மணி நேரத்தில் கிளம்பி, பேச வரும் ஆனால் பாட வராத வேகத்தில் நடங்க. சுருங்கும் தசை இன்சுலின் தயவில்லாமலே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். கிளிமிபிரைடு (சில நேரம் சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடக்கூடிய சர்க்கரை மாத்திரை) போடுவதாகச் சொன்னதால் ஒரு எச்சரிக்கை: முதல் வாரம் தூங்கும் முன் விரலில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். அப்படி இறங்கினால் மாத்திரையை நீங்களாகக் குறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.